லோடு அக்காவின் டயர்க் கணக்கு

கடைக்கு வருகிறவர்கள் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். லோடு அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள். மேசையை விட்டு எழுந்து, நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, வந்தவரைத் தாண்டி வெளியே நிற்கிற வண்டியைப் பார்ப்பாள். பிறகுதான் வாயைத் திறப்பாள்.

"இதுல என்ன ஏத்துவீங்க?"

காரில் என்னத்தை ஏற்றுவார்கள், ஆட்களைத்தான். "நான் என்ன லாரியா வச்சிருக்கேன்?" என்று சிரித்தவர்கள் உண்டு. அக்கா கூடச் சேர்ந்து சிரிக்க மாட்டாள். எத்தனை பேர், பின்சீட்டில் யார் யார், டிக்கியில் என்ன, மேலே கேரியர் உண்டா, முழுக் குடும்பமும் வருஷத்தில் எத்தனை தடவை ஏறும் என்று அடுக்கிக்கொண்டே போவாள். பாஸ்போர்ட் ஆபீஸில்கூட இவ்வளவு கேட்பதில்லை என்று ஒருவர் பாதியிலேயே எழுந்து போயிருக்கிறார். போனவரைப் பற்றி அக்கா கவலைப்பட்டதில்லை. கவலைப்படுகிற வேலை மாமாவுடையது.

மாமா என்பது அவள் கணவர். டாக்ஸி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்ததால், இவர் கேட்காமலே ஊருக்கெல்லாம் மாமா ஆகிவிட்டார். கடையின் பின்பாதி அவருடையது. டயரைக் கழற்றுகிற மிஷின், பாலன்ஸ் பார்க்கிற மிஷின், காற்று அடிக்கிற கம்ப்ரஸர், எண்ணெய்க் கறை படிந்த தரை. முன்பாதியில் கண்ணாடி போட்ட மேசையும், கண்ணாடிக்கு அடியில் ஓர் அட்டவணையும், அக்காவும். என்ன டயர் என்று அவள் சொல்வாள், இவர் மாட்டுவார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

அந்த அட்டவணையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். எண்பத்தெட்டு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றைந்து என்று ஏதாவது. அது கிலோ இல்லை, ஒரு குறி. தொண்ணூற்றொன்று என்றால் அந்த ஒரு டயர் அறுநூற்றுப் பதினைந்து கிலோ தாங்கும். தொண்ணூற்றைந்து என்றால் அறுநூற்றுத் தொண்ணூறு. பார்வைக்கு இரண்டும் ஒரே அளவு, ஒரே உருண்டை, ஒரே கறுப்பு. வாங்க வருகிறவர்கள் பட்டையின் அகலத்தைப் பார்ப்பார்கள், பள்ளத்தின் டிசைனைப் பார்ப்பார்கள், விரலால் தட்டிக்கூடப் பார்ப்பார்கள். அந்த எண்ணைப் பார்க்கிறவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். அக்கா அதைத் தவிர வேறொன்றையும் பார்க்க மாட்டாள்.

ஒருநாள் தரை ஓடு விற்கிற கடைக்காரர் ஒருவர் சின்ன காரில் வந்து இறங்கினார். பளபளவென்று நாலு டயர் வேண்டும் என்றார். டிக்கியில் என்ன இருக்கிறது என்று அக்கா கேட்டதற்கு, "சும்மா, சாம்பிள்" என்றார். "அந்தச் சாம்பிளைக் கொஞ்சம் இறக்குங்க" என்றாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார். பத்து நாள் கழித்து அவரே திரும்பி வந்து ஆறு பெட்டியையும் இறக்கி வைத்தார். பெட்டிக்கு முப்பது கிலோ. "இது சாம்பிள் இல்லைங்க. உங்க டிக்கியில எந்நேரமும் ரெண்டரை ஆள் உட்கார்ந்திருக்காங்க" என்றாள் அக்கா. அன்றைக்கு டயர் வாங்கிப் போனவர், அதற்குப் பிறகு தன் சொந்தக்காரர்களில் ஒருவரைக்கூட வேறு கடைக்கு விட்டதில்லை.

எடைப் பைத்தியம் அவளுக்குக் கடைக்கு வந்து பிடித்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் அவள் லாரி எடைமேடையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். மேடையில் ஏறுகிற லாரியின் டயர்கள் எவ்வளவு பிதுங்குகின்றன என்று ஜன்னல் வழியே பார்த்து, முள் நிற்பதற்கு முன்பே தன் மனசுக்குள் ஓர் எண் வைத்துக்கொள்வது அவளுடைய விளையாட்டு. நாளாக ஆக, விளையாட்டு துல்லியமாகிவிட்டது. ஒருமுறை எடைமேடைக்குப் பஞ்சர் ஒட்ட வந்த ஓர் இளைஞனைப் பார்த்து, "அந்தப் பை பதினாலு கிலோ இருக்கும். ஒரே தோள்ல மாட்டாதீங்க, தோள் இறங்கிடும்" என்றாள். அவன் வீட்டுக்குப் போய் லீவர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றோடும் பையை நிறுத்துப் பார்த்தான். பதிமூன்றே முக்கால். அன்றைக்கு விழுந்தவர்தான் மாமா, இன்னும் எழுந்திருக்கவில்லை.

இப்படிப்பட்ட ஒருத்தியோடு குடித்தனம் நடத்துவது சுலபம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்கு வந்த நாத்தனார் சோபாவில் உட்கார்ந்த மாத்திரத்தில், "அண்ணி, போன தடவைக்கு நாலு கிலோ கூடியிருக்கீங்க" என்று அன்போடு சொல்லி, ஆறு மாசம் பேச்சுவார்த்தை இல்லாமல் செய்தவள் அவள். மனசில் ஒன்றும் கிடையாது. பார்த்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். மாமா போய்க் காலில் விழாத குறையாகச் சமாதானம் பண்ணிவிட்டு வந்தார்.

அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. எந்தக் காருக்கு எந்த எண்ணுள்ள டயர், எவ்வளவு காற்று என்று வண்டி செய்தவர்களே ஒரு ஸ்டிக்கரில் அச்சடித்து ஓட்டுநர் பக்கத்துக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருப்பார்கள். கதவைத் திறந்தால் தெரியும். அதில் உள்ள எண்ணுக்குக் குறைந்த டயரை அக்கா விற்கவே மாட்டாள். கழற்றுகிற பழைய டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதும் இல்லை. "முன்னாடி எவன் என்னத்தை மாட்டிவிட்டானோ, அதை நம்பி நான் மாட்டறதா? மனுஷன் மறந்து போவான், தெரியாம சொல்வான். ஸ்டிக்கர் மாறாது" என்பாள். கடைக்கு எதிரே இடியே விழுந்தாலும், முதலில் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள் என்று மாமா கிண்டல் செய்வார்.

அவளிடம் வருகிற டாக்ஸிக்காரர்களில் ஒருவருக்கு நிதானம் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு. அறுபதுக்கு மேல் முள்ளை விடாதவர், வண்டி எடுக்கும்போதே போனை அணைத்துப் பையில் போட்டுவிடுகிறவர், மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்து பங்க்கில் நிறுத்திக் காற்றுப் பார்க்காமல் ஏறாதவர். ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவர் நாலு டயரையும் மாற்ற வந்தார். அக்கா வழக்கம்போல் கேட்டாள்.

"பெரும்பாலும் ஏர்போர்ட் சவாரிதான் அக்கா. ரெண்டு பேரு, ரெண்டு பெட்டி" என்றார் நிதானம். அது உண்மையும்கூட. வண்டியின் பின்பக்கம் தட்டையாக இருந்தது, அதன்மேல் ஒரு பாய் விரித்திருந்தது. அக்கா கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படித்தாள். ஐந்து பேருக்கான வண்டி, தொண்ணூற்றொன்று. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். மாமா மாட்டினார். ஸ்டிக்கரில் சொன்ன அளவுக்குக் காற்றும் அடித்தார். நிதானம் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் இருக்கும். பழைய டயர்களைக் கொல்லைச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்த மாமா, அப்படியே பேச்சுவாக்கில் சொன்னார்.

"நிதானம் வண்டியில கழட்டினது எல்லாமே தொண்ணூத்தஞ்சு. நல்லாத்தான் உழைச்சிருக்கு."

அக்கா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். "நாலுமா?"

"நாலும்தான். ஒரே கம்பெனி, ஒரே வருஷம்."

"எவனோ ஒருத்தன் ஒண்ணை மாத்தி மாட்டியிருந்தா சரி. நாலும் எப்படி?" என்று அவள் கேட்டது அவரிடம் இல்லை. தனக்குள் எதையோ நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. "ஏங்க, அந்த வண்டியில வேற ஏதாவது பார்த்தீங்களா?"

மாமா யோசித்தார். பார்த்திருந்தார். வலது முன்கதவு மற்ற கதவுகளைவிட ஒரு சாயம் வெளுப்பாக இருந்தது. போன வருஷம் ஒரு லாரி உரசிக் கதவைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டதாகவும், பழைய வண்டி உடைக்கிற இடத்தில் அதே மாடலில் கதவு கிடைத்ததாகவும் நிதானமே சொல்லியிருந்தார். நட்டு முறுக்கிக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் சொன்னார். பாய்க்கு அடியில் மடக்கி வைத்திருந்த கடைசி வரிசை சீட்டை அன்றைக்கு ராத்திரி நிமிர்த்த வேண்டும். மறுநாள் ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு நோயாளியை மலைமேல் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிற சவாரி. அவரையும் சேர்த்துக் குடும்பத்தில் ஆறு பேர். கூரைமேல் இரும்புக் கட்டில், மெத்தை, உள்ளே சக்கர நாற்காலி, ஆக்ஸிஜன் சிலிண்டர்.

மாமா ஒன்றொன்றாகச் சொல்லி முடித்தபோது அவருக்கே விஷயம் புரிந்தது. அது ஏழு பேர் வண்டி. அதே மாடலில் ஐந்து பேர் வண்டியின் கதவு அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அக்கா படித்த ஸ்டிக்கர் எங்கோ உடைத்துப் போட்ட வேறொரு வண்டியுடையது.

மூன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. பழைய டயரின் எண், கதவின் நிறம், மறுநாள் சவாரி. ஒன்றைக்கூட அவளிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருபத்திரண்டு வருஷமாக நம்பி நம்பி, தன் கண்ணில் படுவதைப் பொருட்படுத்தாத பழக்கம் வந்துவிட்டது. அவள் அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒரு சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்திருந்தாள். வண்டியின் பின்பாரம் இவ்வளவு. கடைசி வரிசையில் இரண்டு பேர், நடு வரிசையில் மூன்று பேர், ஆளுக்கு எழுபத்தைந்து. கட்டில், மெத்தை, சக்கர நாற்காலி, ஆக்ஸிஜன் சிலிண்டர்.

"பின்சக்கரம் ரெண்டுக்கும் ஆயிரத்து இருநூத்தி ஐம்பது வருது" என்றாள். "டயர் ரெண்டும் சேர்ந்து ஆயிரத்து இருநூத்தி முப்பதுதான். அதுவும் காத்து சரியா இருந்தா. காத்தும் அந்தப் பாழாப்போன ஸ்டிக்கர் சொன்ன அளவுக்குத்தானே அடிச்சிருக்கோம்."

"இருபது கிலோ தானே" என்றார் மாமா. "உடனே வெடிச்சிடாது. திரும்பி வந்ததும் கூப்பிட்டு மாத்திடலாம்."

"வெடிக்காமலும் போகலாம். ஆனா உச்சி வெயில், மலை வளைவு, உள்ளே நடக்கக்கூட முடியாத ஒருத்தர். வெடிக்காதுன்னு நீங்க எழுதிக் கொடுப்பீங்களா?"

அவள் நிதானத்தின் எண்ணுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்த நல்ல பழக்கத்துக்காக இதே கடையில் பத்துப் பேர் முன்னால் அவரைப் பாராட்டியவள் அவள்தான். ஆஸ்பத்திரிக்குப் போட்டாள். ஒன்பதரைக்கே கிளம்பிவிட்டார்களாம்.

தொண்ணூற்றைந்தில் நாலு டயர் இருந்தது. கடையின் சின்ன பிக்கப்பில் அவற்றை ஏற்றி, லீவர்கள், ஜாக்கி, கையால் அடிக்கிற பம்ப் எல்லாம் எடுத்துக்கொண்டு ஷட்டரை இறக்கினார்கள். வியாபார நேரத்தில் அந்த ஷட்டர் இறங்கி அந்தத் தெரு பார்த்ததில்லை. நிதானம் எப்படியும் அடிவாரத்து பங்க்கில் நிற்பார் என்று மாமா வண்டியை விரட்டினார். பாதி வழியில், மெல்ல ஒரு யோசனை சொல்லிப் பார்த்தார்.

"இப்படிச் சொல்லிடலாமா? கம்பெனியில இருந்து போன் வந்துது, இந்த டயரைத் திரும்ப வாங்கிட்டு வேற கொடுக்கச் சொல்றாங்கன்னு."

அக்கா திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, வியப்புதான். "எதுக்கு?"

"நாப்பது டாக்ஸிக்காரங்க உன் பேச்சை நம்பி வர்றாங்க. லோடு அக்காவே தப்பா மாட்டிட்டாங்கன்னு ஒரு பேச்சு கிளம்பினா..."

"மாட்டினது தப்புதானேங்க. அப்புறம் என்ன பேச்சு வேணும்?" என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "அந்த மாதிரி கதவு மாத்தின வண்டி இன்னும் எத்தனை ஓடுதோ. சொன்னாத்தானே மத்தவங்களும் பார்ப்பாங்க" என்றாள். மாமா வண்டியின் வேகத்தைக் கூட்டினார். இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டதில் அவருக்கு எத்தனையோ தடவை தலைவலி வந்திருக்கிறது. அந்த நிமிஷம் வந்தது பெருமை.

அடிவாரத்து பங்க்கில் நிதானத்தின் வண்டி நின்றிருந்தது. கூரையில் கட்டில் நாலு காலையும் ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது. நிதானம் குனிந்து பின்டயரைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா இறங்கி நேராக அவரிடம் போனாள். மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

"தம்பி, நான் உங்களுக்குத் தப்பான டயர் போட்டுட்டேன். அந்தக் கதவு வேற வண்டியோடது. அதுல இருந்த ஸ்டிக்கரைப் பார்த்துப் போட்டேன். இந்த லோடுக்கு இது போதாது, பின்னாடி இருபது கிலோ கூட வருது."

நிதானம் டயரிலிருந்து கையை எடுத்து நிமிர்ந்தார். பிறகு, "பின்னாடி ரெண்டும் முன்னாடியைவிடச் சூடா இருக்கேன்னு நானும் யோசிச்சிட்டிருந்தேன் அக்கா" என்றார்.

வண்டிக்குள் இருந்து நோயாளியின் மூத்த மகன் இறங்கினான். மூன்று மாதமாக ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்து எழுந்தவன். யார் மேலாவது கோபப்பட வேண்டும் என்று காத்திருந்தவன்போல் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டான்.

"பார்த்துத்தானே போட்டீங்க? இதுதானே உங்க தொழில்? எங்கப்பா உள்ளே இருக்காரு. வழியில ஏதாவது ஆகியிருந்தா?"

மாமா முன்னால் ஓர் அடி வைத்தார். அக்கா அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். "நீங்க கேக்கிறது நியாயம்தான். என் தப்பு. இப்ப இதைச் சரி பண்ணணும். அதுக்கு அப்புறம் இன்னும் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க" என்றாள்.

மாமா ஜாக்கியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மிஷின் இல்லாமல் லீவரால் கழற்றி மாட்ட, பின்னால் இரண்டுக்கும் முக்கால் மணி நேரம் ஆகும் என்றார். அப்போதுதான் உள்ளே சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் தலையை நீட்டினாள். "முக்கால் மணி நேரமா? இதுல ரெண்டு மணி நேரத்துக்குத்தான் இருக்கு. அடுத்த சிலிண்டர் வீட்லதான் வந்து இறங்கியிருக்கு." நிதானத்தின் வேகத்தில் மேலே போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். முக்காலும் ஒன்றேகாலும் இரண்டு. ஒரு வளைவில் ஒரு லாரி மறித்து நின்றால் போதும்.

மூத்த மகன் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா கூரையைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள், தன் பிக்கப்பைப் பார்த்தாள். எடைமேடை ஜன்னலில் உட்கார்ந்து பார்க்கிற பார்வை அது. மாமாவுக்கு அந்தப் பார்வையைத் தெரியும்.

"ஏங்க, ஜாக்கியை உள்ளே வைங்க. டயரை மாத்த வேண்டாம். லோடை மாத்துவோம்."

பிறகு அவள் பேசியதெல்லாம் கட்டளைதான். கட்டிலை இறக்குங்க. மெத்தை, நாற்காலி, பையெல்லாம் பிக்கப்புல. அண்ணனும் தம்பியும் எங்க வண்டியில வாங்க. அம்மா, பொண்ணு, மருமக மூணு பேரும் அப்பாவோட இருக்கட்டும். நாலு பேரும் டிரைவரும்னா இந்த டயர் தாராளமா தாங்கும். தம்பி, அந்தக் கதவுல இருக்கிற அளவை மறந்துடுங்க, பின்னாடி நான் சொல்ற அளவுக்குக் காத்து ஏத்துங்க. பத்து நிமிஷத்தில் எல்லாம் இடம் மாறியது. மூத்த மகன்தான் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தான். இன்னொரு முனையை அக்கா பிடித்தாள்.

பிக்கப்பின் முன்னால் மூன்று பேருக்கு மேல் உட்கார முடியாது. மாமா ஓட்ட வேண்டும், அண்ணன் தம்பி இருவர். பின்னால் கட்டில் ஆடாமல் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். "நான் பின்னாடி ஏறிக்கிறேன், நீங்க முன்னாடி உட்காருங்க" என்றான் மூத்தவன். குரல் இறங்கியிருந்தது.

"நீங்க எழுபத்தெட்டு இருப்பீங்க, நான் அம்பத்தாறு. பின்னாடி ஏற்கெனவே பாரம். நான்தான் பின்னாடி" என்று சொல்லி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். யாருக்கும் மாட்டாத நாலு புது டயரில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதன்மேல் உட்கார்ந்தாள். ஒரு கையில் கட்டில், இன்னொரு கையில் சக்கர நாற்காலி.

மலை முழுக்க மாமாவின் பாதிக் கண் பின்கண்ணாடியில்தான் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவள் கட்டிலோடு சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் நிமிர்ந்தாள். வெயில் அவள் தலைமேல் கொளுத்தியது. அவளுடைய கண் முன்னால் போகிற வண்டியின் பின்டயரை விட்டு நகரவே இல்லை. மூத்த மகனும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். வெகுநேரம் கழித்து, "அவங்க எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டான்.

"இதைவிட மோசம்" என்றார் மாமா.

வீடு மரக்கிடங்குக்குப் பக்கத்தில் இருந்தது. தகரக் கூரை, இரண்டு அறை, வாசலில் புது சிலிண்டர். பழைய சிலிண்டரில் இன்னும் அரை மணி நேரத்துக்கு இருந்தது. கட்டிலைப் பூட்டி, மெத்தை போட்டு, நோயாளியை இரண்டு மகன்களும் தூக்கிக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். அந்தக் கிடங்கில் முப்பது வருஷம் லோடுமேனாக இருந்தவர் அவர். முழு மரத்தைத் தனியாளாகத் தோளில் வாங்குவார் என்று நிதானம் சொன்னதை, படுக்கையில் கிடந்தவரைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. சட்டை மட்டும் பழைய ஆளுக்குத் தைத்ததாக இருந்தது.

வேலை முடிந்தது. இனி வண்டி காலியாக இறங்குகிறது. டயரைக் கடையிலேயே நிதானமாக மாட்டிக்கொள்ளலாம் என்று மாமா சொன்னார். அக்கா விடைபெறுவதற்காக உள்ளே போனாள். "அண்ணே, என்னால உங்களுக்கு வழியில அலைச்சல். மன்னிச்சிடுங்க" என்றாள்.

அவர் மூக்கில் இருந்த குழாயைச் சற்று நகர்த்திக்கொண்டார். குரல் மெலிந்திருந்தாலும் அதில் விளையாட்டு இருந்தது. "ஏம்மா, நான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் வந்தேன். உங்க கணக்குல என்னையும் சேர்த்தீங்களா?"

"சேர்த்தேண்ணே."

"எவ்வளவு போட்டீங்க?"

"எழுபத்தஞ்சு."

அவர் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார். மனைவி நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள். "நேத்து ஆஸ்பத்திரியில நிறுத்தினாங்க. நாப்பத்திமூணு. ஒரு மூட்டைக்குக்கூட காணாது" என்றார். "முப்பத்திரண்டு கிலோ கூடப் போட்டுட்டீங்களே. எத்தனை கிலோ அதிகம்னு சொன்னீங்க, இருபதா? அப்ப நீங்க மாட்டின டயரே தாங்கியிருக்கும்."

அறையில் இருந்தவர்கள் அக்காவைப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார். கணக்கில் அவள் இரண்டு தடவை தவறி அவர் கண்டதில்லை, அதுவும் ஒரே நாளில். எந்த மனுஷரையும் கண்ணாலேயே நிறுத்துவிடுகிற அவளுக்கு, படுத்திருக்கிறவர் நாற்பத்திமூன்று என்பது அடிவாரத்தில் ஜன்னல் வழியே பார்த்தபோதே தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தெரிந்தும் அவள் எண்ணை மாற்றவில்லை.

"தாங்கியிருக்கும்ண்ணே, இன்னைக்கு" என்றாள் அக்கா. "ஆனா நான் இன்னைக்கு இருக்கிற எடையைப் பார்த்து டயர் போடறதில்லை. அடுத்த மாசம் செக்கப்புக்கு இதே வண்டியில இறங்கி வரப்போறீங்க. அதுக்கு அடுத்த மாசமும் வருவீங்க. ஒவ்வொரு தடவையும் எடை ஏறிக்கிட்டே போகுமில்லையா. அந்த டயர் அஞ்சு வருஷம் ஓடணும். எழுபத்தஞ்சுக்குத்தான் போடணும்."

மூத்த மகன் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் அம்மா நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். படுத்திருந்தவர் நகர்த்திய குழாயைத் திரும்ப மூக்கில் சரிசெய்துகொண்டார்.

"அப்ப உங்க கணக்குல அந்த எழுபத்தஞ்சை அடிச்சிடாதீங்கம்மா" என்றார்.

"அடிக்கமாட்டேண்ணே" என்றாள் லோடு அக்கா.